கூடுதல் பொறுப்புப் பாடகர்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் கறுப்புச் சட்டையோடு திரிகிறவர்கள் மூன்று வகை. பெரியார் தொண்டர்கள் ஒன்று. மாலை போட்ட ஐயப்ப சாமிகள் இன்னொன்று. மூன்றாவது வகையில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். கார்த்திகை மாதத்தில் அவரைப் பார்த்து ‘சாமி சரணம்’ என்கிறார்கள். அவரும் மறுக்காமல் ‘சாமி சரணம்’ என்கிறார். செப்டம்பர் 17 அன்று அதே சட்டையைப் பார்த்து ‘வாங்க தோழர்’ என்கிறார்கள், அதற்கும் மறுப்பில்லை. சட்டையில் அச்சாகியிருப்பது ஐயப்பனும் இல்லை, பெரியாரும் இல்லை. காய்ந்துபோன தோலும் வெறித்த கண்ணுமாக நிற்கும் எடி, அயர்ன் மெய்டன் குழுவின் சின்னம். மாடி வீட்டு அம்மா ஒருநாள் உற்றுப் பார்த்துவிட்டு, ‘இது எந்த ஊரு காளிப்பா?’ என்று கேட்டார். ‘பெங்களூருங்க’ என்றார் இவர். பொய்யில்லை, வாங்கிய ஊர் அதுதான்.

பெயர் வேண்டாம், மெட்டல்காரர் என்றே வைத்துக்கொள்வோம். தெருவில் அந்தப் பட்டம் எப்போதோ ஒட்டிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் பழைய இரும்பு எடுப்பவர் என்று நினைத்துத் துருப்பிடித்த கட்டிலுக்கு விலை கேட்டதும் உண்டு. அவருக்கும் இதை எழுதுகிறவருக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு, இருவர் பெயரும் ஒரே ரேஷன் கார்டில் ஒரே வரியில் இருக்கிறது என்ற அளவில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

மெட்டல்காரரிடம் ‘உங்களுக்குப் பிடித்த குழு எது?’ என்று கேட்டவர்கள் ஒரு நிமிடத்தில் தப்பித்துவிடுவார்கள். ‘சரியான மதிப்புக் கிடைக்காத பாடகர் யாரு?’ என்று கேட்டால்தான் ஆபத்து. சென்னையிலிருந்து வந்த தங்கை மகன் ஒருவன் மரியாதைக்காக அப்படிக் கேட்டுத் தொலைத்தான். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டிகள் வராது. நடந்து பேச வசதியான ஊர் இது. காந்தி சிலையில் ஆரம்பித்த பேச்சு, பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைக் கடந்து, தலைமைச் செயலகம் வரை போய்த் திரும்பி, மறுபடி காந்தி சிலைக்கு வந்தபோது இரண்டாவது பாடகரின் மூன்றாவது ஆல்பத்தில் இருந்தது. பையன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அதன்பிறகு மாமாவைப் பார்த்தால் வெயிலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறான்.

அவர் சொல்லும் கொள்கை எளிமையானது. அதற்குப் பெயரையும் உள்ளூரிலிருந்தே எடுத்துக்கொண்டார்: கூடுதல் பொறுப்பு.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை இந்த ஊருக்கென்று தனியாகத் துணைநிலை ஆளுநர் கிடையாது. முதலில் தெலங்கானா ஆளுநரும் பிறகு ஜார்க்கண்ட் ஆளுநரும் தங்கள் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். அதே மாளிகை, அதே நாற்காலி, கையெழுத்தும் செல்லும். ஆனாலும் டீக்கடையில் ‘நிரந்தரமா ஒருத்தர எப்பப்பா போடுவாங்க?’ என்ற கேள்வி மட்டும் ஓயாது. ஹெவி மெட்டல் வரலாற்றில் இப்படி நாற்காலியில் உட்கார்ந்தும் உட்காராதவர்களாகவே கணக்கு வைக்கப்பட்ட பாடகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடிய ஆல்பங்கள்தான் மதிப்பே கிடைக்காதவை என்பது மெட்டல்காரரின் கட்சி.

கட்சிக்கு மூலவர் டோனி மார்ட்டின். அவரைப் பற்றிச் சொல்ல பிளாக் சபாத்தைச் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி ஐயோமியின் வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஐயோமி இடது கைக்காரர். கிட்டார் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கை விரல்கள்தான். மனிதர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி போட்டார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். இன்றைக்கு மெட்டல் என்று சொல்லப்படும் கனத்த ஒலிக்கு அந்த விபத்துக்கும் பங்குண்டு. குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. முதல் பாட்டில் ஐயோமி வாசிக்கும் சுர இடைவெளியை மேற்கே சாத்தானின் இடைவெளி என்பார்கள். நம் கணக்கில் அது சட்ஜமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம். 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, அதாவது 36 ராகங்களில் அந்த மத்யமம்தான் வருகிறது. கல்யாணி அவற்றில் ஒன்று. கல்யாண மண்டபத்தில் வாசித்தால் மங்களம், பர்மிங்ஹாமில் வாசித்தால் பிசாசு. இந்த ஒப்பீட்டை மெட்டல்காரர் ஒரு கல்யாண வரவேற்பில் நாதஸ்வர வித்வானிடமே சொன்னார். வித்வான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘பந்தி ஆரம்பிச்சிட்டாங்க, நீங்க போயி சாப்பிடுங்க’ என்றார்.

1979இல் பிளாக் சபாத் தன் பாடகர் ஆஸி ஆஸ்பர்னை வெளியே அனுப்பியது. குடியும் போதையும் மிஞ்சிப்போன காலம். அடுத்து வந்தவர் ரானி ஜேம்ஸ் டியோ. ஆள் குள்ளம், குரல் கோபுரம். 1980இல் வந்த ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பத்தோடு அவரை உலகம் ஒத்துக்கொண்டது. இன்றைக்கு மெட்டல் கச்சேரிகளில் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி, கொம்பு மாதிரி காட்டுகிறார்களே, அதைப் பரப்பியவர் இவர்தான். இத்தாலிய வம்சத்துப் பாட்டி கண்ணேறு படாமலிருக்கக் காட்டும் சைகை அது என்று டியோ சொல்லியிருக்கிறார். நம்மூர் ஆயாக்கள் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவார்கள். அந்த ஆயா இரண்டு விரலோடு முடித்துக்கொண்டார். சிக்கனம்.

டியோ 1982இல் போனார். 1983இல் டீப் பர்ப்பிள் இயன் கில்லன் வந்து ‘பார்ன் அகெய்ன்’ என்று ஒரு ஆல்பம் பாடினார். அந்தச் சுற்றுப்பயண மேடைக்கு ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் போலச் செய்யச் சொன்னார்கள். அடியில் எழுத வேண்டிய அளவை மீட்டரில் எழுதிவிட்டதாகச் சொல்வார் குழுவின் பாஸ் கிட்டார்காரர் கீசர் பட்லர். வந்து இறங்கிய கற்கள் பல அரங்குகளுக்குள் நுழையவே இல்லை. மீட்டரை உலகத்துக்குத் தந்த பிரான்சின் கீழ் இருந்த ஊர்க்காரர் என்ற முறையில், இந்தக் குற்றத்தில் மீட்டருக்குப் பங்கில்லை என்று மெட்டல்காரர் ஆணித்தரமாக வாதிடுவார். கில்லனும் ஓராண்டுக்கு மேல் தாங்கவில்லை.

1987இல்தான் டோனி மார்ட்டின் உள்ளே வருகிறார். அவருக்கு முன்பு ரே கில்லன் என்ற பாடகர் ஒரு ஆல்பத்தையே பாடி முடித்துவிட்டுப் போயிருந்தார். அதே பாட்டுகளின்மேல் தன் குரலை ஏற்றுவதுதான் மார்ட்டினுக்குக் கிடைத்த முதல் வேலை. அந்த ‘தி எடர்னல் ஐடல்’ ஆல்பத்தின் அட்டைகூட அசல் இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் சிலையைப் போல இரண்டு மனிதர்கள் உடம்பெல்லாம் வெண்கல வண்ணம் பூசிக்கொண்டு போஸ் கொடுத்த படம் அது. பாடகரும் பதிலி, அட்டையும் பதிலி என்று சொல்லிச் சொல்லி உருகுவார் மெட்டல்காரர்.

அடுத்தது 1989இல் ‘ஹெட்லஸ் கிராஸ்’. இந்த இடத்தில் அவரோடு சண்டை போட முடியாது. கோஸி பவலின் டிரம் அடி வில்லியனூர்த் தேர் அசையும்போது வரும் அதிர்வு மாதிரி இருக்கும். ஒரு பாட்டில் குவீன் குழுவின் பிரையன் மே விருந்தாளியாக வந்து கிட்டார் வாசித்துவிட்டுப் போவார். இதற்கெல்லாம் மேலே மார்ட்டினின் குரல் பாரத்தைத் தூக்குகிறோம் என்ற உணர்ச்சியே இல்லாமல் மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருக்கும். 1990இல் ‘டிர்’, வட ஐரோப்பியப் புராணக் கடவுள்களைப் பற்றி. அதன்பின் நடந்ததுதான் கொடுமை. டியோவைத் திரும்பக் கூப்பிட்டு மார்ட்டினை வீட்டுக்கு அனுப்பினார்கள். டியோ 1992இல் ஒரு ஆல்பம் பாடிவிட்டு, ஆஸியின் விடைபெறும் கச்சேரிக்கு முன்னால் ஆரம்பப் பாடகராக நிற்க முடியாது என்று கோபித்துக்கொண்டு கிளம்பினார். அந்த இரண்டு ராத்திரிக்கு ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் வந்து பாடிக்கொடுத்தார். ‘அதுதாம்பா அப்பட்டமான கூடுதல் பொறுப்பு!’ என்று மெட்டல்காரர் தொடையைத் தட்டுவது இந்த இடத்தில்தான். கச்சேரி முடிந்ததும் மறுபடி மார்ட்டினுக்குத்தான் போன் போனது. அவரும் வந்தார். 1994இல் ஒன்று, 1995இல் ஒன்று பாடினார். 1997இல் ஆஸி திரும்பினார். மார்ட்டின் கதை முடிந்தது.

எண்ணிப் பார்த்தால் சபாத்தில் மார்ட்டின் பாடிய ஸ்டூடியோ ஆல்பங்கள் 5. டியோ பாடியவை 3. ஆஸிக்கு அடுத்தபடி அதிகம் பாடியவர் மார்ட்டின்தான். ஆனால் 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது பழைய நால்வர் மட்டுமே. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் நடந்த கடைசிக் கச்சேரியிலும் அந்த நால்வரே சபாத்தாக நின்றார்கள். அதற்கு 17ஆம் நாள் ஆஸி இறந்துபோனார். மெட்டல்காரர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆஸிக்காக அழுதுகொண்டே, இடையிடையே ‘மார்ட்டினுக்கு ஒரு பாட்டாவது கொடுத்திருக்கலாம்’ என்றும் புலம்பினார். துக்க வீட்டில் பங்காளி பேச்சு எடுப்பது நம் மரபு என்பதால் வீட்டில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ட்டின் பாடியவற்றில் பெரும்பாலானவை பல வருஷம் கடைகளில் கிடைக்காமலே இருந்தன. 2024இல்தான் அவற்றில் நான்கைச் சேர்த்து ஒரு பெட்டியாக வெளியிட்டார்கள். அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு மெட்டல்காரரின் மனைவி, ‘மதிப்பு இல்லாதவருன்னு சொன்னீங்களே?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதுவரை யாரும் அந்தக் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக உடைத்ததில்லை.

மனைவிக்கு விளங்க வைக்க அவர் பிடித்துக்கொண்ட உதாரணம் மலேசியா வாசுதேவன். எஸ்.பி.பி. ஒருபுறம் மலை, ஜேசுதாஸ் ஒருபுறம் மலை, நடுவே வாசுதேவன். 1977இல் ‘16 வயதினிலே’யில் அவருக்கு வாய்ப்பு வந்ததே எஸ்.பி.பி.க்கு அன்று தொண்டை சரியில்லாததால்தான் என்பது திரையுலகில் பலரும் சொன்ன கதை. ‘முரட்டுக் காளை’யில் ரஜினிக்குப் பொங்கல் பாட்டைப் பாடியவர் அவர்தான், ஆனால் ரஜினியின் அறிமுகப் பாட்டு என்றால் எஸ்.பி.பி. என்றே ஊர் எழுதிவைத்துவிட்டது. டி.எம்.எஸ். குரலுக்குப் பழகிய சிவாஜிக்கு ‘முதல் மரியாதை’யில் பாடி, அது மாறியதே தெரியாமல் செய்தார். போதாததற்கு, ‘ஒரு கைதியின் டைரி’யில் வில்லனாக நடித்து, நல்ல பெயரையும் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார். இதை விளக்கும்போது மெட்டல்காரரின் கண் கலங்கியது. மனைவி கேசட்டைத் தேடி எடுத்து வாசுதேவனைப் போட்டார். டோனி மார்ட்டினைப் போடவில்லை. உதாரணம் ஜெயித்துவிட்டது, கட்சிக்காரர் தோற்றார்.

இரண்டாவது பாடகர் பிளேஸ் பெய்லி. அயர்ன் மெய்டனிலிருந்து 1993இல் புரூஸ் டிக்கின்சன் விலகியதும் வந்தவர். டிக்கின்சன் குரல் மாடியில் குடியிருப்பது. பெய்லியின் குரல் தரைத்தளம். மாடிக்காரருக்குக் கட்டிய பழைய பாட்டுகளைத் தரைத்தளத்துக்காரர் ஒவ்வொரு ராத்திரியும் படியேறிப் பாட வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது, கேட்டவர்கள் திட்டினார்கள். தன் குரலுக்கென்றே எழுதிய பாட்டுகளில் அவர் வேறு ஆள். 1995இல் வந்த ‘தி எக்ஸ் ஃபாக்டர்’ 70 நிமிடத்துக்கும் மேல் ஓடும் இருட்டு ஆல்பம். மழை நாளில் மின்சாரம் போன பிறகு கேட்க வேண்டும் என்பார் மெட்டல்காரர். மின்சாரம் போன பிறகு எதில் கேட்பது என்பதைச் சொல்ல மாட்டார்.

1998இல் வந்த ‘வர்ச்சுவல் லெவன்’ பற்றி மட்டும் அவரால் நேராகப் பேச முடியாது. அந்த வருஷம் பிரான்சில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்தை ஒட்டி வந்தது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர்கள் நிறைந்த ஊரில் அதை நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் அதில் பத்து நிமிடத்துக்குச் சற்றே குறைவான ஒரு பாட்டு இருக்கிறது. அதன் பல்லவி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை அதைப் போட்டுவிட்டு அவர் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது அம்மா, ‘டேப்பு மாட்டிக்கிச்சு போல, அதே எடத்துல சுத்துதுப்பா’ என்று பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்.

ஆனால் ஒரு சாட்சியம் அவர் கையில் உண்டு. 1999இல் டிக்கின்சன் திரும்பி வந்த பிறகும் பெய்லி காலத்துப் பாட்டுகள் இரண்டை மெய்டன் மேடையில் விடவில்லை. 2001இல் ரியோவில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் ‘சைன் ஆஃப் தி கிராஸ்’, ‘தி கிளான்ஸ்மேன்’ இரண்டையும் டிக்கின்சனே பாடினார். அந்தப் பதிவு ஆல்பமாகவும் வந்திருக்கிறது. ‘பாட்டு நல்லா இல்லேன்னா மாடிக்காரர் எதுக்குக் கீழ எறங்கி வந்து எடுத்துக்கினு போறாரு?’ என்பது வாதம். இதற்குப் பதில் சொன்னவர்கள் இல்லை. கேட்டவர்களே குறைவு என்பது வேறு விஷயம்.

2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு மெய்டன் வந்தது. அவ்வளவு பெரிய மெட்டல் குழு ஒன்று இந்தியாவில் இறங்கியது அதுதான் முதல் தடவை. புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். பௌர்ணமியாக இருக்கும் என்று நினைத்து பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், ‘கிரிவலமா சார்?’ என்று கேட்டார். கறுப்புச் சட்டை செய்த உதவி. அங்கே டிக்கின்சன் மேடையில் குதித்துக்கொண்டிருக்க, பல்லாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்க, நம்மவர் மட்டும் தொண்டை கிழிய ‘பிளேஸ்! பிளேஸ்!’ என்று கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன், யாரையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து, ‘அங்கிள், போலீஸ் அந்தப் பக்கம் இருக்காங்க’ என்று வழிகாட்டினான்.

மூன்றாமவர் டிம் ‘ரிப்பர்’ ஓவன்ஸ். இவர் கதை மெல்லிசைக் கச்சேரி பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். நம் ஊரில் ஒவ்வொரு ஆர்கெஸ்ட்ராவிலும் டி.எம்.எஸ். குரலில் பாட ஒருவர் இருப்பார். பகலில் மின்வாரியத்திலோ மில்லிலோ வேலை, இரவில் டி.எம்.எஸ். அப்படி அமெரிக்காவின் ஒஹையோவில் ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டுகளை மட்டும் பாடும் குழுவில் இருந்தவர் ஓவன்ஸ். வீடியோவைப் பார்த்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவே அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஹால்ஃபோர்ட் இடத்தில் நிறுத்தியது. 1997இல் ‘ஜகுலேட்டர்’, 2001இல் ‘டெமொலிஷன்’ என இரண்டு ஆல்பம். 2003இல் ஹால்ஃபோர்ட் திரும்பினார், ஓவன்ஸ் புறப்பட்டார். மெட்டல்காரர் இவருக்கு நேரம் அதிகம் ஒதுக்குவதில்லை. குரல் அபாரம், பாட்டுகள் சுமார். அதை அவரே ஒத்துக்கொள்வார், டீ வாங்கிக் கொடுத்தால்.

கொள்கைக்கு எதிர்க்கட்சி குயவர்பாளையத்து நண்பர் ஒருவர், தீவிர இளையராஜா ரசிகர். அவர் கேட்பது நியாயமான கேள்விதான். ‘டியோவும் அடுத்து வந்தவருதான், அவர ஏத்துக்கினாங்க. டிக்கின்சனே பின்னாடி வந்த ஆளு, 1981இல் சேந்தவரு. ஏசி/டிசியில பான் ஸ்காட் செத்த அதே 1980இல் பிரையன் ஜான்சன் வந்து பாடுன ஆல்பம் உலகம் பூரா வித்துச்சு. அப்போ நாற்காலி மேல தப்பு இல்லபா, உக்காந்த ஆளு மேலதான் தப்பு.’

மெட்டல்காரர் இதற்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அடுத்த ஞாயிறு பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்துக்கு எதிரே, பழைய டைரியில் எழுதிவந்த பதிலை வாசித்தார். 1980ஐ ஒட்டி வந்தவர்கள் ஏறியது புறப்படத் தயாராக நின்ற பஸ். மெட்டல் என்ற பஸ்ஸுக்கு அன்றைக்கு உட்கார இடமில்லாத கூட்டம். 1992, 1993 இரண்டே வருஷத்தில் ஹால்ஃபோர்ட், டிக்கின்சன், ஆந்த்ராக்ஸின் ஜோயி பெல்லடோனா, மோட்லி க்ரூவின் வின்ஸ் நீல் என்று வரிசையாக இறங்கினார்கள். அந்த இடங்களில் ஏறியவர்கள் ஏறியது ஷெட்டுக்குத் திரும்பும் பஸ். 1991இலேயே நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வந்து ஊர் ரசனையைத் திருப்பிவிட்டிருந்தது; கம்பெனிகள் மெட்டல் குழுக்களுக்குக் காசு போட யோசித்தன. ஆந்த்ராக்ஸுக்கு ஜான் புஷ் பாடிய 1993 ஆல்பமும், மோட்லி க்ரூவுக்கு ஜான் கோராபி பாடிய 1994 ஆல்பமும் அந்தக் குழுக்களின் மிகச் சிறந்தவற்றோடு வைக்கத்தக்கவை. பஸ் நின்றதற்குக் கண்டக்டரைத் திட்டினார்கள். 1997, 1999, 2003 என்று பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பியபோது, சனங்கள் தங்கள் பழைய வயசு திரும்பி வந்ததாக நினைத்துக் கைதட்டினார்கள்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘அப்போ ராஜா சாருக்கு 92இல் ரோஜா வந்த மாதிரின்றியா?’ என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு ஹெவி மெட்டலுக்குத் திரும்பவே இல்லை. பூங்கா காவலாளி விசில் அடித்துக் கிளப்பும்வரை ராஜாவா ரகுமானா என்றுதான் போனது.

புதுச்சேரி என்பதால் பிரெஞ்சுக் கணக்கு ஒன்று தனியாக உண்டு. மெட்டல்காரருக்குப் பதினான்கு வயசிருக்கும்போது, பாரிசில் குடியேறியிருந்த தெருக்காரர் ஒருவர் ஜூலை 14 கொண்டாட்டத்தை ஒட்டி லீவில் வந்திருந்தார். அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். வந்தவர் விட்டுப்போன கேசட்டுகளில் ஒன்று டிரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழுவின் ‘ரெப்ரெஸியோன்’, 1980இல் வந்தது. பெர்னி போன்வாசான் பாடகர். பாடுவதா, கட்சிக் கூட்டத்தில் பேசுவதா என்று பிரிக்க முடியாத குரல். ‘ஆந்திசோசியால்’ என்ற அதன் பிரபலமான பாட்டைப் பிற்பாடு ஆந்த்ராக்ஸ் எடுத்துப் பாடியது. மூலத்தைத் தேடிப் போனவர்கள் குறைவு. டிரஸ்டுக்கு டிரம் அடித்த நிக்கோ மெக்பிரெய்ன் அயர்ன் மெய்டனுக்குப் போனார்; மெய்டனில் இருந்த கிளைவ் பர் டிரஸ்டுக்கு வந்தார். இப்படியொரு சம்பந்தம் கொடுத்து வாங்கிய வீட்டைப் பற்றி நம் ஊரில்கூட யாருக்கும் தெரியாது. ‘டிரஸ்ட் கேட்டிருக்கீங்களா?’ என்று இவர் ஆரம்பித்தால், ‘எந்தக் கோயில் டிரஸ்ட்டு?’ என்கிறார்கள். பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தபோது, தெரிந்த சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் போன்ழூர், மெர்சி என்றார்கள். இவர் ‘ரெப்ரெஸியோன், ஆந்திசோசியால்’, அதாவது ‘அடக்குமுறை, சமூக விரோதி’ என்று நல்ல உச்சரிப்பில் சொன்னார்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு பிரான்சு அவருக்கு ஒரு ராத்திரி பதில் மரியாதை செய்தது. 2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. இங்கே மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது, படகில் நம் ஆட்கள் வருவதைப் பார்க்க. திடீரென்று, மரி அந்த்வானெத்தைச் சிறை வைத்த கொன்சியர்ஜெரி கட்டடத்தின் சன்னல்களில் தலையில்லாத ராணிகள். வெளியே மாடங்களில் நின்றுகொண்டு கோஜிரா குழு பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டை அடித்து நொறுக்க, தீயும் புகையும் பறக்க, மரீனா வியோத்தி என்ற ஓபரா பாடகி கூடச் சேர்ந்தார். பயோன் பக்கத்துக் கிராமத்தில் காட்ஸில்லா என்ற பெயரில் ஆரம்பித்த குழு அது. அதன் 2005ஆம் வருஷத்து ஆல்பம் ‘ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்’ பற்றி இவர் இருபது வருஷமாக வீட்டில் சொல்லிவருகிறார். அம்மா டிவியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். ‘நீ ரூம்ல கதவச் சாத்திக்கினு கேக்கறது இதுவா?’ ‘ஆமாம்மா.’ ‘பிரெஞ்சு கவர்மெண்ட்டே போடுதே!’ அரசாங்கம் போட்டதால் அது நல்ல பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவு, பென்ஷன் வாங்கும் தெருவில் இயல்பானது. அடுத்த பிப்ரவரியில் அந்தப் பாட்டுக்கு கிராமி விருதும் வந்தது. கோஜிராவை அன்றே மெட்டல்காரர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். ஒலிம்பிக்கில் பாடியவர்களை மதிப்புக் கிடைக்காதவர்கள் என்று சொல்ல அவருக்கே கூச்சம்.

தமிழ்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் 1992இல் ஆரம்பித்த குழு ருத்ரா. பாஸ் கிட்டாரும் குரலும் கதிரேசன் அல்ல, கதிரசன். அத்வைத வேதாந்தம் கற்பிப்பவரும்கூட. டெத் மெட்டல் உறுமலில் உபநிடதக் கருத்துகளைச் சொல்வதுதான் இவர்கள் வழி. வேதிக் மெட்டல் என்று அதற்குப் பெயரும் உண்டு. 2005இல் வந்த ஆல்பத்தின் பெயர் ‘பிரம்மவித்யா’ என்று தொடங்கும். அட்டையில் இருந்த பெயரைப் படித்த அம்மா, வெள்ளிக்கிழமை காலையில் அதையே போடச் சொன்னார். சாம்பிராணி போட்டாயிற்று, பாட்டும் போட்டாயிற்று. அரை நிமிடம் கேட்டார். ‘பாவம், சுக்குக் கஷாயம் வச்சுக் குடுக்க ஆள் இல்ல போல’ என்று சொல்லிவிட்டுச் சீர்காழி கோவிந்தராஜனுக்கு மாற்றினார். உலகத்தில் டெத் மெட்டல் பாடும் ஆயிரக்கணக்கானவர்களில் வேதாந்த வகுப்பு எடுக்கும் தமிழர் ஒருவர் இருக்கிறார் என்பதே பெருமைதான். அதைத் தமிழ்ப் பத்திரிகைகள் கோலாகலமாக எழுதியிருக்க வேண்டாமா என்பது இவர் மனக்குறை. இதோ ஒரு பத்தி எழுதியாயிற்று.

இந்தியாவுக்குள் என்றால் சிக்கிமின் கேங்டாக்கிலிருந்து வந்த ‘கிரிஷ் அண்ட் தி குரோனிகிள்ஸ்’ குழுவின் கிரிஷ் பிரதான். எண்பதுகளில் அமெரிக்காவில் பிறந்திருந்தால் மாளிகை கட்டியிருப்பார். பெங்களூரின் கிரிப்டோஸும், கடல் தாண்டினால் கொழும்பின் ஸ்டிக்மாட்டாவும் பட்டியலில் உண்டு. மெட்டலில் அதிகம் புழங்கும் ஃபிரிஜியன் என்ற சுர வரிசை நம் ஹனுமத்தோடியேதான் என்பதால், தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையையும் சேர்க்கப் பார்த்தார். அவரைப் போய் மதிப்புக் கிடைக்காதவர் என்றால் தஞ்சாவூர்க்காரர்கள் அடிப்பார்கள் என்று நண்பர் தடுத்துவிட்டார்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதிச் சந்தை. பழைய ஜீன்ஸ், சார்ஜர், ஒற்றைக்கால் செருப்பு என்று கிடந்த குவியல்களுக்கு நடுவே ஒரு சாக்கின் மேல் சிடிகள். பக்திப் பாடல்களுக்குக் கீழே, கார்ட்டூன் போட்ட அட்டை ஒன்று எட்டிப்பார்த்தது. பிளாக் சபாத், ‘ஃபர்பிடன்’, 1995. மார்ட்டின் பாடிய கடைசி ஆல்பம். ராப் பாடகர் ஐஸ்-டி ஒரு பாட்டில் வந்து பேசிவிட்டுப் போவார். ஒலிப்பதிவு தகர டப்பாவுக்குள் நடந்தது போல இருக்கும். ஐயோமிக்கே திருப்தியில்லாமல், 2024 பெட்டிக்காகத் திரும்பக் கலவை செய்தார். சபாத் பெயரில் வந்தவற்றில் ஆக மோசமானது இதுதான் என்று சொல்வார்கள். மெட்டல்காரரும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைக்கிறார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

‘எவ்ளோப்பா?’

‘கொழந்தைங்க படமா சார் அது? இருவது ரூவா குடுங்க. ஓடலேன்னா கொண்டாந்து குடுத்துடுங்க, மாத்தித் தர்றேன்.’

மெட்டல்காரர் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். மீதி வேண்டாம் என்றார். கடைக்காரர் அவர் கறுப்புச் சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, குவியலில் துழாவி ஒரு ஐயப்பன் பாட்டு சிடியை எடுத்து, ‘இதயும் வச்சுக்கோங்க சாமி’ என்று மேலே வைத்துக் கொடுத்தார்.